தண்ணீர் மேல் போட்ட பழி

அந்தக் கராஜ்காரர் பொய் சொன்னார். என் கணவருக்குக் கார் ஓடத் தெரியாது என்று பரந்தன் சந்தியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். தான் செய்த பிழையைக் குளத்துத் தண்ணீர் மேலும், என் கணவரின் கால் மேலும் போட்டார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதை வாசிக்கும்போது தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

பஸ்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த ஒரு பெருமாரியில் நடந்தது இது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் காணி எடுத்துக் குடியேறியவர்கள். வயல் வேலையில் பெரும்பகுதி என் தலையில். கணவருக்கு மண்வெட்டியைப் பிடிப்பதைவிட ஸ்டியரிங்கைப் பிடிப்பதில்தான் ஆசை. பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை வாங்கி முல்லைத்தீவு றோட்டில் வாடகைக்கு ஓடத் தொடங்கினார். நல்லாகத்தான் ஓடினார். மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் வயல் உழுத விதத்தை நானே ஊருக்கெல்லாம் சொல்லிப் பழித்திருக்கிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு சம்மாட்டியார் இருந்தார். கரைவலைக்குச் சொந்தக்காரர், கத்தோலிக்கர், பெரிய குரல்காரர். தை மாதம் தன் மூத்த மகளின் கலியாணம் என்றும், பெண்ணைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போவது எங்கள் கார்தான் என்றும் என் கணவரிடம் சொல்லியிருந்தார். அது எங்களுக்குப் பெரிய விஷயம். சம்மாட்டியார் மகளை நம்பி ஏற்றும் காரில் அந்தக் கரை முழுவதும் ஏறும். அவர் இறங்கிவிட்டால் அந்தக் கரையில் ஒருவரும் ஏறமாட்டார்கள். என் கணவர் அந்த நாளை நினைத்து நினைத்துக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித் துடைக்கும்போதுதான் முன்சக்கரச் சில்லு இரண்டின் உள்பக்கமும் பிரேக் ஒயில் கசிந்து ஈரமாக இருப்பதைக் கண்டார். மிதியை மிதித்தால் ஒயில் குழாய் வழியாகப் போய்ச் சில்லுக்குள் இருக்கும் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் பிரேக்கைத் தள்ளும். அந்தச் சிலிண்டர்களின் றப்பர் பழுதாகிவிட்டது. சந்திக்குப் பக்கத்துக் கராஜில் விட்டார். கராஜ்காரர் சிலிண்டர்களைக் கழற்றி, றப்பர் மாற்றி, திரும்பப் பூட்டித் தந்தார். "தங்கம் மாதிரி இருக்கு, கொண்டு போம்," என்றார்.

கொண்டு வந்தோம். அன்று பின்னேரமே கணவர் சொன்னார், மிதி கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்று. அடுத்த நாளும் சொன்னார். நான் பெரிதாக எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஏனென்றால் அது மாரி. விசுவமடுவுக்கு இந்தப் பக்கம் குளம் நிரம்பி வான் பாய்ந்து, மிஞ்சிய தண்ணீர் றோட்டை மூடிக்கொண்டு ஓடியது. வன்னியில் கார் ஓடுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். வான் தண்ணீருக்குள் இறங்கி ஏறிய காரில் கொஞ்ச நேரத்துக்குப் பிரேக் பிடிக்காது. மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே ஓடினால் காய்ந்துவிடும். மாரியில் பிரேக் சரியில்லை என்று யார் சொன்னாலும் கேட்கிறவர் சிரித்துக்கொண்டு, "தண்ணி," என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை சம்மாட்டியார் மகளின் கலியாணச் சேலையான கூறையை எடுக்க யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார். பரந்தனில் ரயில் பிடிக்க வேண்டும். என் கணவர் முல்லைத்தீவில் அவரை ஏற்றிக்கொண்டு வந்து, முரசுமோட்டையில் என்னையும் ஏற்றினார். எனக்குச் சந்தியில் சாமான் வாங்க இருந்தது. சம்மாட்டியார் பின் சீற்றில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, கலியாணத்துக்கு எத்தனை மீன் வேண்டும் என்று தனக்குத்தானே சத்தமாகக் கணக்குப் பார்த்தபடி வந்தார்.

சந்தி தெரிந்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து மெயின் றோட்டில் ஒரு பஸ் வந்தது. கணவர் பிரேக்கை மிதித்தார். நான் பக்கத்தில் இருந்தேன், அவருடைய முழங்காலைப் பார்த்தேன். அது இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. மிதி காரின் அடித்தட்டோடு தட்டாகப் படுத்துவிட்டது, கார் தன்பாட்டில் போகிறது!

"பிரேக் இல்லை!" என்றார்.

"மாதாவே!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். பஸ் ஹோர்ன் அடித்தது. கணவர் விட்டு விட்டு மிதித்தார், கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். கார் ஒரு தரம் குலுங்கி வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பஸ்ஸின் மூஞ்சிக்கு முன்னால் குறுக்கே போனோம். பஸ் டிரைவரின் வாய் திறந்திருந்ததை நான் கண்டேன். அந்தப் பக்கம் ஒரு வைக்கோல் வண்டி, மாடு அவிழ்த்து விட்டபடி நின்றது. நேரே அதற்குள் போய்ச் செருகினோம்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கார் முழுக்க வைக்கோல். சம்மாட்டியார் தலையில் ஒரு கற்றை வைக்கோலோடு இறங்கினார். குடை மட்டும் முறிந்திருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் சொன்னார்:

"தம்பி, கூறை எடுக்கப் போனவனைச் சவப்பெட்டி எடுக்க விட்டிருப்பாய்."

அதற்குள் சந்தியே கூடிவிட்டது. கராஜ்காரரும் வந்தார், கையைத் துணியில் துடைத்தபடி, அவசரமில்லாமல்.

"வான் தண்ணிக்குள்ளால ஓடி வந்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம் பாஸ். ஆனால் மிதி..."

"பிறகென்ன ஆனால்? ஊரிலை எல்லாரும் தண்ணிக்குள்ளால ஓடிப்போட்டுக் காய வைச்சுத்தான் வருவினம். இவர் பறந்து வந்திருக்கிறார்."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவருக்குப் பத்துப் பேருக்கு முன்னால் வாய் வராது. எனக்கு வரும்.

"பிரேக்குக்கை காத்து நிக்குதோ எண்டு பாருங்கோ பாஸ்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிரேக் ஒயிலுக்குள் காற்று நின்றால் மிதியின் பலம் சில்லுக்குப் போகாது, காற்றை நெரிப்பதிலேயே முடிந்துவிடும். இது எங்களுக்கும் தெரியும். கணவர் வீட்டில் பேசுவதெல்லாம் கார் கதைதானே. ஒருவர் மிதியை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லின் உள்பக்கத்தில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்தினால் ஒயிலோடு காற்றுக் குமிழி வெளியே வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் மிதியை விடலாம். முந்தி விட்டால் காற்றை உள்ளே திரும்ப உறிஞ்சிவிடும்.

கராஜ்காரர் ஒரு ஆளை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்சில்லின் நிப்பிளில் றப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தல் ஒயிலுக்குள் விட்டு, எல்லாருக்கும் காட்டினார். தெளிந்த ஒயில் வந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. மற்றச் சில்லிலும் இல்லை.

"பாத்தீங்களோ? எங்கை காத்து? உங்கட மனிசனுக்கு ஓடத் தெரியாததுக்கு நான் என்ன செய்யிறது? பொம்பிளையள் காருக்கை தலை போட்டா இப்பிடித்தான். வீட்டை போய் அரிசியைப் பாருங்கோ."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட்டமும் அவர் பக்கம். குமிழி இல்லை என்பதை எல்லாரும் தங்கள் கண்ணால் கண்டார்களே! ரயிலும் போய்விட்டது. சம்மாட்டியார் வைக்கோலைத் தட்டிக்கொண்டு என் கணவருக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திப் பேச அவருக்குத் தெரியாது, அன்றைக்குத் தாழ்த்தினார்.

"தம்பி, என்ர பிள்ளையை நான் இதிலை ஏத்தமாட்டன். குறை நினையாதை. கரையிலை கேட்டினமெண்டா, கண்டதைச் சொல்லுவன்."

கணவர் தலையை ஆட்டினார். காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு பாலை மரத்தின் கீழ் விட்டோம். அவர் கதவில் சாய்ந்துகொண்டு, "தண்ணியாத்தான் இருக்குமப்பா. நான் காய வைச்சிருக்க வேணும்," என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன மாரியிலும் இதே தண்ணீருக்குள்ளால் ஓடினோம். போன மாரியிலும் பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் அப்போது இந்த மனிதர் என்ன முறைப்பாடு சொன்னார்? கால் நோகிறது என்று சொன்னார்! மிதி கல்லு மாதிரி நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார்தான் நிற்கவில்லை என்று சொன்னார். நான் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ," என்றேன். "போன மாரி மிதி இறங்கினதோ?"

"இல்லை."

"இண்டைக்கு?"

அவர் நிமிர்ந்தார். "தட்டு முட்ட இறங்கினது. விட்டு விட்டு மிதிக்கத்தான் கொஞ்சம் ஏறிப் பிடிச்சது."

"அப்ப இது வேறை நோய், வேறை வருத்தமெல்லே? தண்ணி சில்லை வழுக்கும். மிதியை ஏன் இறக்குது?"

அவருடைய கண் மாறியதைக் கண்டேன். டிக்கியைத் திறந்து ஜக்கையும் நட்டுச் சாவிகளையும் எடுத்து எறிந்தார். மிஞ்சிய பிரேக் ஒயில் போத்தல் ஒன்றும் றப்பர் குழாய் ஒன்றும் இருந்தன. மிதிக்க ஆள் வேண்டும். சம்மாட்டியார் மரத்தின் மறுபக்கம் சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"சம்மாட்டியார், வந்து மிதியுங்கோ," என்றேன்.

"ஏன் பிள்ளை, சாகாமல் தப்பினது காணாதோ?"

"கார் ஓடாது. ஜக்கிலை நிக்குது. பயப்பிடாமல் வாங்கோ."

பயம் என்று சொன்னால் அந்த மனிதர் கடலுக்குள்ளும் குதிப்பார். வந்து சீற்றில் ஏறினார். கணவர் நிலத்தில் படுத்தார். நான் போத்தலும் குழாயும் பிடித்தேன். பின்சில்லில் தொடங்கினோம். சம்மாட்டியார் வலை இழுக்கிற மாதிரி, "ஏலோ!" என்று கத்திக்கொண்டு மிதிப்பதும் அடுத்த நொடி விடுவதுமாக இருந்தார். கணவர் கீழேயிருந்து, "விடாதேங்கோ! நான் சொல்லுமட்டும் விடாதேங்கோ!" என்று கத்தினார்.

நான் சம்மாட்டியாரிடம் சொன்னேன், "வலைக்கயித்தை நடுவிலை விட்டா மீன் என்ன செய்யும்?"

"ஓடிப்போம்."

"அதுபோலத்தான். காத்து உள்ளுக்கை ஓடிப்போம். இவர் சொல்லுமட்டும் பிடியுங்கோ."

பிறகு அந்தக் காலில் பிழையே இல்லை. பின்சில்லு இரண்டும் சுத்தம். முன்சில்லுக்கு வந்தோம். குனிந்து குழாயைச் செருகினேன். ஒயில் வந்தது, குமிழி இல்லை. திரும்ப மிதித்தார், திரும்பவும் குமிழி இல்லை. மிதியோ பஞ்சு மாதிரி. கராஜ்காரர் காட்டியது இதைத்தான். கணவர் சாவியை நிலத்தில் வைத்துவிட்டார்.

நான் குழாயைக் கழற்றும்போது என் முழங்கை நிலத்தில் முட்டியது. பின்சில்லில் குழாயைக் கழற்றும்போது முட்டவில்லையே? போய்ப் பின்சில்லைப் பார்த்தேன். நிப்பிள் சிலிண்டரின் மேல் பக்கம் இருந்தது. முன்சில்லைப் பார்த்தேன். நிப்பிள் கீழே. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கும் கீழே.

"பின்னுக்கு மேலை கிடக்கு. முன்னுக்கு ஏன் கீழை கிடக்கு?"

"முன்னுக்கு அப்பிடித்தானோ தெரியாது," என்றார் கணவர்.

"கிணத்துக்கை வாளியைக் கவிட்டு விட்டா நிரம்புமோ?"

"என்னப்பா நீ..."

"நிரம்புமோ நிரம்பாதோ?"

"நிரம்பாது. காத்து மேலை நிண்டு..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். பிறகு காருக்குக் கீழே பாய்ந்து படுத்தார். "அட! அட! இடப்பக்கச் சிலிண்டரை வலப்பக்கத்திலையும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலையும் பூட்டியிருக்கிறான்! தலைகீழாக் கிடக்கு! நிப்பிளாலை ஒயில்தான் வரும், காத்து எப்பிடி வரும்? காத்து மேலையெல்லே நிக்குது!"

"மேலை என்ன இருக்கு?"

"ஒயில் வாற குழாயின்ர நட்டு!"

"அதைத் தளத்துங்கோ!"

சம்மாட்டியாரை மிதிக்கச் சொன்னோம். கணவர் குழாய் நட்டை மெல்லத் தளர்த்தினார். புஸ்ஸென்று ஒரு சத்தம்! நுரை நுரையாக, சோடாப் போத்தல் உடைத்த மாதிரி வந்தது. என் முகத்தில், அவர் சட்டையில், எல்லா இடத்திலும். நான் சிரித்தேனா கத்தினேனா தெரியாது. இறுக்கி, மிதித்து, தளர்த்தி, திரும்பவும் நுரை. அடுத்த சில்லிலும் அதே நுரை. கடைசியில் தெளிந்த ஒயில் மட்டும் வந்தது. கணவர் இறுக்கிவிட்டு, "இப்ப மிதியுங்கோ!" என்றார்.

சம்மாட்டியார் மிதித்தார். திரும்ப மிதித்தார். பிறகு சந்தி வரைக்கும் கேட்கக் கத்தினார்:

"கல்லு! தம்பி, கல்லு மாதிரி நிக்குது! இறங்குதில்லை!"

காரை ஜக்கிலிருந்து இறக்கி, மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நிறுத்திப் பார்த்தோம். பிரேக் போட்ட இடத்தில் நின்றது. அது எனக்குப் போதவில்லை. அந்தச் சந்தியில் சிரித்தவர்கள் பார்க்க வேண்டும். கணவரைக் காரைத் திருப்பி முரசுமோட்டைப் பக்கம் கொண்டுபோய், காலையில் வந்த அதே வேகத்தில் வரச் சொன்னேன். நான் சந்திக்கு வந்து, றோட்டு மெயின் றோட்டில் சேரும் இடத்தில் நடுவில் நின்றேன். சம்மாட்டியார் மெயின் றோட்டில் வருகிறவர்களை மறிக்கப் போனார். மறிக்கவே தேவையில்லை, ஒரு மனுசி றோட்டு நடுவில் நிற்பதைக் கண்டு எல்லாரும் தாங்களாகவே நின்றுவிட்டார்கள். கராஜ்காரரும் வாசலுக்கு வந்தார்.

"பாஸ், உங்கட வேலையிலை நம்பிக்கை இருந்தா வந்து பக்கத்திலை நில்லுங்கோ!" என்றேன்.

அவர் வரவில்லை.

கார் வந்தது. விலகி ஓடலாமோ என்று ஒரு தரம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்குக்கு மேலால் கணவரின் முகம் வெளுத்திருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் மிதித்தார். சில்லுகள் கிறீச்சென்றன, கார் மூக்கைக் குத்தி நின்றது. எனக்கும் காருக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகலாம். கூட்டம் கை தட்டியது. காலையில் சிரித்த அதே வாய்கள்தான், இப்போது விசில் அடித்தன. கணவர் இறங்கி வந்து எனக்கு ஏசினார். ஏசட்டும் என்று விட்டேன்.

கராஜ்காரர் என்ன சொன்னார் தெரியுமா? சிரித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"நான் சொன்னனான்தானே. தண்ணி காஞ்சிட்டுது."

அதையும் பாதிப் பேர் தலையாட்டி ஏற்றார்கள்! சிலிண்டர் தலைகீழாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். தனக்கு வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

சம்மாட்டியார்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். "வா பிள்ளை. தண்ணியைத் தண்ணியிட்டையே கேப்பம்."

அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டியும் இருந்தது. மூன்று பேருமாக விசுவமடுப் பக்கம் ஓடினோம். வான் பாயும் இடத்தில் கார் தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. ஏறியதும் ஆளில்லாத நேர் றோட்டில் கணவர் மெல்லப் போய் மிதித்துப் பார்த்தார். மிதி கல்லு மாதிரி மேலேயே நின்றது. கார் நிற்க மனமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சம்மாட்டியார் முன் சீற்றில் இருந்து அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டு ஓட, பிரேக் காய்ந்து பிடித்தது.

"அது ஒரு வருத்தம், இது ஒரு வருத்தம்," என்றார் சம்மாட்டியார். "தம்பி, தையிலை வெள்ளெனக் காரைக் கொண்டா. பூக் கட்ட நேரம் வேணும்."

அதற்கு முன்னமே என் கணவர் சிலிண்டர்களைக் கழற்றி, இடப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை வலப்பக்கத்திலும் பூட்டிவிட்டார். பெண்ணை ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் அவர் நிறுத்தியபோது பூ ஒன்றுகூட ஆடவில்லை. நான் முந்தியே மாட்டுவண்டியில் வந்து நின்று கண்ணால் கண்டேன். கரை முழுவதும் இன்றைக்கும் எங்கள் காரில்தான் ஏறுகிறது.

ஆனால் சந்தியில் இன்னும் கதை மாறவில்லை. "தண்ணிக்குள்ளால பறந்து வந்த ஆள்" என்றுதான் என் கணவரைச் சொல்கிறார்கள். அவர் சிரித்துவிட்டுப் போகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் நம்புகிற ஒரு காரணம் கையில் இருந்தால் ஒருவரும் குனிந்து சில்லுக்குக் கீழே பார்க்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். நானும் அந்த இரண்டு நாளும் பார்க்கவில்லை. அதனால் இப்போது வயலில் பயிர் மஞ்சளானாலும், மாடு புல்லுத் தின்னாவிட்டாலும், "மாரிதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, போய்க் குனிந்து பார்க்கிறேன்.

கராஜ்காரரே, நீங்கள் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். என் கணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என்னிடமும் வேண்டாம். அந்த மாரியில் நீங்கள் எங்கள் காருக்கு மட்டுமா சிலிண்டர் பூட்டினீர்கள்? மற்றக் கார்களுக்கும் பூட்டினீர்கள். அவற்றிலும் பெண்டு பிள்ளைகள் ஏறுகிறார்கள், அவற்றின் மிதியும் இறங்கும்போது டிரைவர்மார் "தண்ணி" என்றுதான் நினைப்பார்கள். எல்லாச் சந்தியிலும் வைக்கோல் வண்டி நிற்காது. அந்தக் கார்களைத் திரும்பக் கூப்பிட்டுக் குனிந்து பார்த்தீர்களா, இல்லையா? இதே பத்திரிகையில், எல்லாரும் வாசிக்க, பதில் எழுதுங்கள்.